அண்ணன் வட்டையில் நிற்கிறார்

புட்டுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, பூரணி ஒரு கோப்பையில் புட்டும் ஒரு துண்டுப் பொரித்த மீனும் போட்டு மாமியாரிடம் நீட்டினாள். சீதேவிப்பிள்ளை வாங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“எழும்புங்க மாமி. ஆறப்போகுது.”

“எனக்கு வேணாம். இண்டைக்குச் சல்லி குடுக்கிற நாள்தானே. அதையும் சேர்த்துக் கட்டி மஜீட்டுக்கிட்டக் குடுத்து விடு.”

பூரணி கோப்பையை மூடிப் பலகையில் வைத்தாள்.

அவர்கள் இருந்தது நாவற்குடாவில், ஒரு குசினிக்குள். அதே வளவில், நாலு எட்டு வைத்தால் போய்விடும் தூரத்தில், ஓடு போட்ட கல்வீடு இருந்தது. அது பூரணியின் வீடு. கலியாணத்தின்போது தாயும் தகப்பனும் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. இப்போது அதில் வாழைச்சேனையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு வங்கி உத்தியோகத்தரின் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டின் முன்னறையில் யாரோ வானொலியைத் திருகிக்கொண்டிருக்கும் சத்தம் குசினிவரை கேட்டது.

“அங்க சென்னையில சின்னவனுக்கு அறை வாடகை கட்ட, இஞ்ச நாம அடுப்படியில கிடக்கிறம்,” என்றாள் கிழவி சுவரைப் பார்த்தபடியே.

“கொஞ்சக் காலம்தான் மாமி. படிப்பு முடியப்போகுது.”

“படிப்பு... அண்ணனக் கொண்டுபோய் ரெண்டு வருசம். தம்பிட காதில இன்னும் ஒரு சொல்லு விழல்ல. சல்லிய அனுப்பி அனுப்பி என்ட புள்ளய அங்கயே கட்டிப் போட்டிருக்காய். அவன் இஞ்ச நிண்டிருந்தா முகாம் முகாமாப் போய்க் கேட்டிருப்பான். உனக்கு உன்ட புருசன் திரும்பி வரவேணும் எண்டு இல்ல.”

இது புதிதாகக் கேட்கும் பேச்சில்லை. ஆனாலும் அன்று காலை பூரணிக்கு உடம்பு அசதியாக இருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

பூரணியின் கணவன் வினாயகமூர்த்தி மாங்கேணிக்காரன். கடலோரத்தில் பிறந்தாலும் கலியாணத்தின் பிறகு மனைவியின் ஊருக்கு வந்து, வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் வட்டை என்று சொல்லும் வயல்வெளியில் இருந்த அவளுடைய வயலைச் செய்தான். வரும்போது தன் தம்பி சத்தியசீலனையும் கூட்டி வந்தான். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைக்க. பூரணிக்குப் பிள்ளைகள் இல்லை. அரைக் காற்சட்டையோடு வந்து, அண்ணன் மனைவியை ‘மச்சாள், மச்சாள்’ என்று சுற்றிவந்த அந்தப் பையனுக்குத்தான் அவள் தலை வாரிவிட்டாள், சோறு கட்டிக் கொடுத்தாள், காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்தாள். அவன் சென்னைக்குப் பொறியியல் படிக்கப் போனது சண்டை மறுபடி தொடங்குவதற்கு ஒரு வருசம் முன்னால்.

சண்டை தொடங்கிய பிறகு ஒரு புரட்டாதி மாதக் காலையில் ராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவன் வினாயகமூர்த்தியின் முன்னால் தலையை அசைத்தான். வயலுக்குப் போகக் கட்டியிருந்த சாரத்தோடேயே ட்ரக்கில் ஏற்றினார்கள். அதன் பிறகு அவன் இருக்கிறானா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

அதே நாளில் அடுத்த வளவு கந்தப்போடியின் மூத்த மகனும் போனான். அவனைக் கேட்டு வருகிறேன் என்று முகாம் வாசலுக்குப் போன கந்தப்போடியின் இளைய மகனும் திரும்பவில்லை. அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் பூரணி முடிவெடுத்தாள். சென்னையில் இருக்கும் சீலனுக்கு இது தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பான்.

வினாயகமூர்த்திக்குக் கடிதம் எழுதும் பழக்கம் இருந்ததில்லை. எப்போதும் பூரணிதான் எழுதுவாள். ஆகவே அவள் தொடர்ந்து எழுதினாள். ‘அண்ணன் வட்டையில் நிற்கிறார். சுகமாக இருக்கிறார். நன்றாகப் படிக்கச் சொன்னார்.’

மாங்கேணியிலிருந்து அகதியாக வந்த சீதேவிப்பிள்ளை மருமகளின் கூரைக்குக் கீழேதான் தஞ்சம் புகுந்தாள். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுடையது. போகச் சொன்னால் கிழவி போகத்தான் வேண்டும். பூரணி ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. கிழவியும் ஒருநாளும் ஏசாமல் இருந்ததில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. மகனுக்குச் செய்தி சொல்ல மருமகளை விட்டால் வேறு வழியும் இல்லை.

மட்டக்களப்புப் பஸ் நிலையத்தின் பின்பக்கம், தேத்தண்ணிக் கடையோரம் மஜீட் காத்திருந்தார். காத்தான்குடிச் சேலை வியாபாரி. பூரணி அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடுவாள். முன்பு அறுவடைக் காலத்தில் வினாயகமூர்த்தியிடம் நெல் வாங்குவார். தமிழரும் முஸ்லிம்களும் பகைத்து, இரண்டு ஊர்களும் முகம் பார்க்காத அந்த நாட்களில், ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போக முடியாததால், இப்படிப் பட்டணத்தில்தான் சந்தித்தார்கள். சென்னைக்குச் சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் பூரணி கொடுக்கும் பணத்தைச் சீலனிடம் சேர்ப்பது மஜீட்தான்.

“பொடியனப் பாத்தன் புள்ள. மெலிஞ்சு போனான், ஆனாச் சுகம்,” என்றார்.

“அதே அறைதானா காக்கா?”

“அதே திருவல்லிக்கேணி அறைதான். ஒரு அறைக்குள்ள நாலு பேர். வீட்டுக்காரன் வாடகையக் கூட்டிட்டான். இப்ப அங்க இலங்கைப் பொடியன் எண்டா அறை குடுக்கப் பயப்படுறாங்க. குடுக்கிறவனும் கூட்டித்தான் கேக்கிறான்.”

“சாப்பாடு?”

“மத்தியானத்துக்கு மெஸ்ஸில மாசச் சீட்டு. காலையில தேத்தண்ணியும் பன்னும். ராவைக்கு அறையில ஸ்டவ் பத்த வைச்சுக் கஞ்சி காச்சுறாங்களாம். அதுக்கும் மண்ணெண்ணெய் வாங்கக் கியூவில நிக்கோணும். பஸ்ஸுக்கு, சவுக்காரத்துக்கு, அந்தப் படம் கீறுற பெரிய தாளுக்கு... கால எடுத்து வைச்சாச் சல்லிதான். கொலிஜுக்குக் கட்டுறது பெரிசில்ல புள்ள. இருந்து சீவிக்கிறதுதான் செலவு.”

பூரணி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்தாள். மஜீட் அதை எண்ணாமல் சட்டைக்குள் வைத்தார். பிறகும் போகாமல் நின்றார்.

“ஒண்டு சொன்னான் புள்ள. ஒங்களுக்கிட்டச் சொல்லுறதா எண்டு யோசிச்சன்.”

“சொல்லுங்க.”

“‘அண்ணன் குடுத்தா இப்பிடிக் குறைச்சுக் குடுக்கமாட்டார். மச்சாள்ட கைக்குள்ளதான் சல்லி சுருங்குது. நேர அண்ணனுக்கிட்டச் சொல்லுங்க’ எண்டான்.”

பூரணி வாவிப் பக்கம் பார்த்தாள். ஒரு தோணி கரைக்கு வந்துகொண்டிருந்தது.

“அண்ணன் வட்டையில நிக்கிறார், வந்ததும் சொல்லுறன் எண்டு சொல்லுங்க காக்கா.”

“நான் அப்பிடிச் சொல்லுறல்ல. ‘வீட்டில தந்தது’ எண்டு மட்டும் சொல்லுறன். அது பொய்யில்லதானே. எத்தின நாளைக்குப் புள்ள இப்பிடி?”

“கடைசிச் சோதனை முடியும்வரைக்கும்.”

“அவன் ஒங்களப் பிழையா நினைக்கிறானே.”

“நினைக்கட்டும். அங்க இருந்து நினைக்கட்டும்.”

அன்றைய நாளுக்குப் பிறகு பூரணி அரிசி வியாபாரிகளுக்கு நெல் அவித்துக் கொடுக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டாள். வளவின் மூலையில் பீப்பாய் வைத்து அடுப்பு மூட்டினாள். விடியுமுன் நெருப்பு, வெயில் ஏற ஏற முற்றத்தில் நெல்லைக் காலால் கிளறிக் காய வைத்தல், பின்னேரம் சாக்கில் கட்டுதல். முழங்கைவரை ஆவி பட்ட தழும்புகள் வந்தன. வாடகையும் கூலியும் சேர்ந்து சென்னைக்குப் போயின. மாமிக்கும் தனக்கும் மீந்ததைக் கொண்டு சமைத்தாள்.

ஒரு நாள் சீதேவிப்பிள்ளை பிடிவாதமாக எழும்பி நின்றாள்.

“நானே போறன். என்ட புள்ளய நானே கேக்கிறன். நீ வந்தா வா, வராட்டி விடு.”

பூரணி மறுக்கவில்லை. வினாயகமூர்த்தியின் படத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

முகாம் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கந்தப்போடியின் மனைவியும் அங்கே இருந்தாள், இரண்டு மகன்களின் படங்களோடு. வெயில் தலையைப் பிளந்தது. அவர்களுடைய முறை வந்தபோது, காவலுக்கு நின்றவன் பூரணியைக் கண்டதும் படத்தைக் காட்டு என்றுகூடக் கேட்கவில்லை. பழகிய முகத்தைக் கண்டவன்போல, இல்லை என்று கையை அசைத்துத் திருப்பினான். பின்னால் நின்ற ஒரு பெண், “இண்டைக்கும் இல்லையாம், என்ன புள்ள? போன கிழமையும் இப்பிடித்தான் உன்னத் திருப்பினான்,” என்றாள்.

சீதேவிப்பிள்ளை மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். சந்தைக்குப் போகிறேன், அரிசி கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இவள் போன நாட்கள் கிழவியின் நினைவுக்கு வந்தன. அதன் பிறகு ஏச்சுக் குறைந்தது. ஆனால் நல்ல வார்த்தை ஒன்றும் அவள் வாயில் வரவும் இல்லை. எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், கடைசிச் சோதனையையும் முடித்துக்கொண்டு, யாருக்கும் அறிவிக்காமல் சத்தியசீலன் வந்தான். தோளில் ஒரு பை, முகத்தில் சிறு தாடி. நேரே கல்வீட்டுப் படியேறி உள்ளே காலை வைத்தான். அங்கே அறியாத ஒரு பெண் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு? வீட்டுக்காரரா? அவங்க பின்னால குசினியில இருக்கிறாங்க,” என்றாள் அவள்.

அவன் பின்னால் வந்தான். புகைக்குள்ளே நின்று நெல் கிளறிக்கொண்டிருந்த பூரணி அவனைக் கண்டதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். ஓடிப்போய் அவன் முகத்தைத் தொட வேண்டும்போல் இருந்தது. அவனுடைய பார்வையைக் கண்டு அங்கேயே நின்றாள்.

“மச்சாள், இது என்ன?”

“எப்ப வந்த தம்பி? ஒரு சொல்லும் சொல்லி அனுப்பாம...”

“சொல்லி அனுப்பினா எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தி வைச்சிருப்பீங்க. அங்க ஒரு மட்டக்களப்பு ஆள் சொன்னவர், உன்ட மச்சாள் வீட்ட வாடகைக்கு விட்டிட்டு உன்ட அம்மாவ அடுப்படியில போட்டிருக்கா எண்டு. நான் அவரோட சண்டை பிடிச்சன். இப்ப என்ட கண்ணால பாக்கிறன்.”

“முதல்ல ஒள்ளுப்பம் தண்ணி குடி.”

“எனக்குத் தண்ணி வேணாம். நான் அங்க ராவைக்குக் கஞ்சி குடிச்சன் மச்சாள். அறைக் காசு பிந்தி, பையத் தூக்கி வாசல்ல வைச்சிட்டாங்க. கூட இருந்தவன்ட செருப்பப் போட்டுக்கொண்டு சோதனைக்குப் போனன். இந்த வாடகை எல்லாம் எங்க போச்சு?”

பூரணி குனிந்து அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

“சரி, நீங்க சொல்ல வேணாம். அண்ணன் எங்க? நான் அவருக்கிட்டக் கேக்கிறன். எப்ப எழுதினாலும் உங்கட எழுத்திலதான் பதில். எப்ப கேட்டாலும் வட்டையில நிக்கிறார். இந்தச் சண்டைக்குள்ள எந்த வட்டை மச்சாள்?”

பூரணி அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். இந்த நாளுக்காக அவள் எத்தனையோ வசனங்களை மனதில் அடுக்கி வைத்திருந்தாள். அதில் ஒன்றைத் தொடங்குமுன் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

குசினி வாசலில் சீதேவிப்பிள்ளை வந்து நின்றாள். மகனைக் கண்டு அழுவாள் என்றுதான் பூரணி நினைத்தாள். கிழவி அழவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“டேய், வாயப் பொத்து.”

“அம்மா...”

“பொத்து எண்டு சொன்னன். உன்ட அண்ணன் இல்ல. புடிச்சுக்கொண்டு போய் மூணு வருசமாகப் போகுது. இருக்கானோ இல்லையோ, அதுவும் தெரியா.”

சீலனின் தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது.

“அவன் போன நாளில இருந்து உனக்கு வந்த ஒவ்வொரு சதமும் இவள்ட. வீட்ட விட்டிட்டு இவள் இந்தப் புகைக்குள்ள கிடந்தது உனக்கு. கையப் பாரு. புள்ள, கையக் காட்டு... காட்டு அவனுக்கு.”

பூரணி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“காட்டமாட்டாள். முகாம் வாசலெல்லாம் போய் நிண்டு நாயப்போலத் துரத்துப்பட்டவள். அதையும் எனக்குச் சொல்லல்ல. நான் இதுக்குள்ள படுத்துக்கிடந்து, உனக்குப் புருசன் வேணாமா எண்டு அவளக் கேட்டன். ஒரு நாளா ரெண்டு நாளா...” கிழவியின் குரல் அங்கேதான் உடைந்தது. “கந்தப்போடிட சின்னவன் அண்ணனக் கேக்கப் போனான். அவனும் இல்ல. உனக்கு அண்டைக்கே தெரிஞ்சிருந்தா நீயும் போயிருப்பாய். மனே, நீ இண்டைக்கு முழு உடம்போட என்ட கண்ணுக்கு முன்னால நிக்கிறாய். அது இவள் செய்த வேலை. நான் பெத்தவள், எனக்கு விளங்கல்ல. இவளுக்கு விளங்கிச்சு.”

பீப்பாய்க்குள் நெல் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“மஜீட் காக்கா ஒருநாளும் அண்ணன் தந்தது எண்டு சொல்லல்ல,” என்றான் சீலன், தனக்குத்தானே சொல்வதுபோல. “வீட்டில தந்தது எண்டுதான் சொல்லுவார். நான்தான் அண்ணன் எண்டு நினைச்சன்.”

அவன் வந்து பூரணியின் காலடியில், சாம்பலுக்குள், அப்படியே இருந்தான். முகத்தை அவளுடைய முழங்காலில் வைத்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் செய்வான்.

“ஏன் எனக்குச் சொல்லல்ல மச்சாள்?”

“சொன்னா வந்திருப்பாய்.”

“வந்திருப்பன்தான்.”

“அதுதான் சொல்லல்ல.”

சற்று நேரத்தில் அவன் சட்டென்று எழும்பினான். கண்களைத் துடைத்துக்கொண்டு, எந்த முகாம், இப்போதே போய்க் கேட்கிறேன் என்றான். சீதேவிப்பிள்ளை அவனை முந்திக்கொண்டு போய் வேலியின் கடப்பில், வழியை மறித்து நின்றாள். இத்தனை காலமும் இளைய மகன் வந்து கேட்க வேண்டும் என்று அழுதவள் அவள்தான்.

“ஒருத்தனக் குடுத்திட்டன். மத்தவன நான் விடமாட்டன். வேணுமெண்டா என்ட மேலால மிதிச்சுக்கொண்டு போ.”

அவன் திரும்பி வந்து மண்ணில் இருந்தான்.

அப்போதுதான் பூரணி அழத் தொடங்கினாள். வினாயகமூர்த்தியைக் கொண்டுபோன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் குலுங்கினாள். கிழவி ஓடிவந்து பக்கத்தில் இருந்து அவளுடைய தலையைத் தன் மடியில் சாய்த்தாள்.

“என்னகா இது? எல்லாம் முடிஞ்சு, அவனுக்கும் விளங்கினாப் பிறகு அழுறாய்...”

“அவனுக்கு எழுதக்குள்ள எனக்கும் அவர் வட்டையில நிக்கிற மாதிரித்தான் இருந்த மாமி. இவன் ஒருத்தனாவது அவர் இருக்கார் எண்டு நம்பிக்கொண்டிருந்தான். இனி யாருக்கு எழுதுற...”

சீதேவிப்பிள்ளை அவளுடைய நரைக்கத் தொடங்கிய தலையைத் தடவினாள். தடவிக்கொண்டே அவளும் அழுதாள்.

“இந்த வாயால உன்ன என்னவெல்லாம் சொன்னன் புள்ள.”

“விடுங்க மாமி. நீங்க ஏசக்குள்ளயும் வீட்டில ஒரு ஆள் இருந்த மாதிரித்தான் எனக்கு.”

அந்த வயதுப் பையனை ஊரில் வைத்திருக்க முடியாது. எந்த நேரமும் சுற்றிவளைப்பு வரலாம். அடுத்த நாள் காலை, கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் மஜீட்டோடு அவனை அனுப்புவதென்று முடிவாயிற்று. அங்கே தெரிந்த ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை கேட்டுத் தருவதாக மஜீட் சொன்னார். பட்டம் பெற்றவன், சும்மா இருக்கமாட்டான் என்றார்.

பஸ் நிலையத்தில், மாமியார் பக்கத்தில் நிற்க, பூரணி ஒரு பொட்டலத்தைச் சீலனின் கையில் வைத்தாள். கட்டிய சோறு என்று நினைத்து வாங்கியவன், மேலே கிடந்த நோட்டுகளைக் கண்டு கையை இழுத்தான்.

“மச்சாள், இனியுமா? என்னால ஏலாது.”

“கொழும்பிலயும் அறைக்கு முன்காசு கேப்பாங்க. பஸ்ஸுக்கு வேணும், ஒரு நல்ல செருப்பு வேணும். வேலை கிடைக்கும்வரைக்கும்தான். மறுகா நீ அனுப்பு. நான் வேணாம் எண்டு சொல்லமாட்டன். வாங்குவன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினான். பஸ்ஸின் படியில் ஏறியவன் திரும்பினான்.

“மச்சாள், அண்ணன் வந்தா...”

“வந்தா உனக்குத்தான் முதல் சொல்லி அனுப்புவன்.”

மஜீட் அவனுடைய தோளில் கையை வைத்து உள்ளே கூட்டிப் போனார். பஸ் புறப்பட்ட பிறகும் இரண்டு பெண்களும் சிறிது நேரம் அங்கேயே நின்றார்கள்.

திரும்பும் வழியில் கல்லடிப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கி நடக்க விட்டார்கள். சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் சீதேவிப்பிள்ளையின் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தான். அதில் மாங்கேணி விலாசம். இங்கே யாரோடு இருக்கிறாய் என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

கிழவி பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவளோட. இவள் என்ட மகள்.”

அவன் இருவரையும் போகச் சொன்னான். பாலத்தின் மேல் வாவிக் காற்று பலமாக வீசியது. வீட்டில் நனையப் போட்ட நெல் கிடந்தது. மழை வருமுன் அதை அவித்து எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருவரும் நடந்தார்கள்.